அச்செழுத்தும் வால்மீன் தூசும்: கொங்குநாட்டு அறிவியல் தமிழ் வரலாற்றில் அச்சுத் தொழில்நுட்பத்தின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

அறிவியல் தமிழின் வளர்ச்சியைக் கலைச்சொல்லாக்கத்தின் வரலாறாக மட்டும் காண்பது ஆய்வுலகில் நிலைத்துவிட்ட வழக்கமாகும். கலைச்சொற்கள் ஆக்கப்பட்ட பின்னரும் அவற்றுள் பல உரைநடையில் வேரூன்றாமற் போனதற்கான காரணத்தை இப்பார்வையால் விளக்க இயலவில்லை. ஈரோட்டில் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தம், சேலத்தில் உருவான கலைச்சொல் முயற்சி, கோவையை மையமாகக் கொண்ட அறிவியல் இதழியல், கொங்குநாட்டார் முன்னின்று நடத்திய கலைக்களஞ்சியப் பணி ஆகியவற்றை இக்கட்டுரை ஒரே தொடர்ச்சியில் வைத்து ஆராய்கிறது. அச்சுக்கூடம், பதிப்பாசிரியர், வகுப்பறை ஆகிய மூன்றும் இணைந்த சூழலிலேயே அறிவியல் உரைநடை உறுதிபெற்றது என்பது இதன் கருதுகோள். வால்மீனைக் குறிக்கும் சொற்களின் வரலாறும், அண்மைக் கால வால்மீன் தூசு ஆய்வு எழுப்பும் மொழிச் சிக்கல்களும் இக்கருதுகோளுக்கு உரைகல்லாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கொங்குநாடு, அச்சுத் தொழில்நுட்பம், எழுத்துச் சீர்திருத்தம், அறிவியல் தமிழ், கலைக்கதிர், கலைக்களஞ்சியம், வால்மீன், ஒருங்குறி

முன்னுரை

ஒரு மொழியில் அறிவியல் எழுதப்படுவதற்குச் சொல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், சொல் மட்டும் போதுமா என்பது தனியே ஆராயத்தக்க வினாவாகும். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கி அச்சிடவும் செய்தார். கற்பித்தலும் அச்சும் ஒருசேர நடந்த காலம்வரை அவருடைய சொற்கள் மாணவர் வாயில் வழங்கின. தமிழ்வழி மருத்துவக் கல்வி நின்றதும் அவற்றுள் பெரும்பாலானவை நூலகத்துக்குள் ஒடுங்கின. சொற்களில் குறை இல்லை. அவற்றைத் தாங்கிய அமைப்பு இல்லாமற் போயிற்று.

இதே வினாவைக் கொங்குநாட்டை முன்வைத்து எழுப்புவது பயனுடையது. நூற்பாலைகள், நீரேற்றி உற்பத்தி, பொறியியல் கல்வி ஆகியவற்றால் அறியப்படும் கோவைப் பகுதி, 20ஆம் நூற்றாண்டில் தமிழின் அச்சு வடிவத்தையும் அறிவியல் உரைநடையையும் மாற்றிய பல முயற்சிகளுக்கு நிலைக்களனாகவோ அவற்றை முன்னெடுத்தோரின் தாயகமாகவோ இருந்துள்ளது. இம்முயற்சிகள் தனித்தனியே பேசப்பட்டுள்ளன. பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தம் சமூக இயக்க வரலாற்றிலும், பெரியசாமித் தூரனின் கலைக்களஞ்சியம் இலக்கிய வரலாற்றிலும், கலைக்கதிர் இதழ் இதழியல் வரலாற்றிலும் இடம்பெறுகின்றன. அச்சுத் தொழில்நுட்பம் என்னும் பொதுச்சரடு இவற்றை இணைக்கிறது என்பது போதிய கவனம் பெறவில்லை.

இவ்விணைப்பைச் சோதித்துப் பார்க்க ஒரு பொருள் தேவைப்படுகிறது. அதற்கு வால்மீன் பொருத்தமானது. சங்கப் பாடல் தொடங்கி இன்றைய விண்கல ஆய்வுவரை தமிழில் இடையறாது பெயர்பெற்று வந்த வான்பொருள் அது. பெயர் மாறிய ஒவ்வொரு காலத்திலும் அதைப் பற்றிய அறிவும் அவ்வறிவைப் பரப்பிய ஊடகமும் மாறியிருந்தன.

புகைக்கொடி முதல் தூமகேது வரை

புறநானூற்றின் 117ஆம் பாடலில் கபிலர் வால்மீனைத் 'தூமம்' என்னும் சொல்லால் சுட்டுகிறார். சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதை 'புகைக்கொடி' என்கிறது. இரண்டிடங்களிலும் அது வறட்சி முதலிய தீங்குகளுக்கு முன்குறியாக எண்ணப்பட்ட ஒன்று. 'தூமகேது' என்னும் வடசொல்லின் உறுப்புகளும் புகை, கொடி என்பவையே. ஆகவே இச்சொற்கள் அனைத்தும் ஒரே காட்சியை அடிப்படையாகக் கொண்டவை: வானில் படர்ந்து நிற்கும் புகை.

இப்பெயர்களுக்கு மாறாக, 'வால்நட்சத்திரம்', 'வால்மீன்', 'வால்வெள்ளி' ஆகியவை வேறொரு காட்சியிலிருந்து பிறந்தவை. புகை மறைந்து, ஒளிரும் பொருளும் அதன் பின் நீளும் வாலும் முதன்மை பெறுகின்றன. 'மீன்' என்பது விண்மீனைக் குறிக்கும் பழஞ்சொல்லாதலின், வால்மீன் என்பது வாலுடைய விண்மீன் என்றே பொருள்படும். இலங்கைத் தமிழில் வால்வெள்ளி என்பது இன்றும் பெருவழக்கு. தமிழகப் பாடநூல்களில் 'வால்விண்மீன்' என்னும் வடிவமும் இடம்பெற்றுள்ளது.

இவ்விரு பெயர்மரபுகளும் சந்திக்கும் இடமாக 1910ஆம் ஆண்டைக் கொள்ளலாம். அவ்வாண்டு ஏப்ரல் மாதம் ஹாலி வால்மீன் கதிரவனை அணுகிச் சென்றது. மே மாதம் அதன் வாலினூடே புவி கடந்து செல்லும் என்னும் செய்தி உலகெங்கும் பரவியது. வாலில் நச்சு வாயு கண்டறியப்பட்டதாக வந்த அறிவியல் செய்தி, நாளேடுகளின் வழியே அச்சமாக மாறிற்று. பாரதியார் இவ்வால்மீனைப் பற்றி எழுதிய 'சாதாரண வருஷத்துத் தூமகேது' என்னும் பாடலின் தலைப்பு பழம்பெயரையே கொண்டுள்ளது. பாடலின் உள்ளடக்கமோ, வால் மெல்லிய வாயுவால் ஆனது என்பதையும், அப்பொருள் 75 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பிவருவது என்பதையும் குறிப்பிடுகிறது. பழஞ்சொல்லின் உள்ளே புதிய அறிவு குடியேறிய தருணம் இது. அவ்வறிவு ஏடுகளின் வழியே வந்தது என்பது கருதத்தக்கது. தீக்குறி என்னும் பொருள் ஒரு நாளில் மறைந்துவிடவில்லை; அதற்கு இணையாக ஓர் அறிவியல் பொருளும் அச்சின் துணையோடு நிலைகொள்ளத் தொடங்கியது.

சேலத்து முயற்சியும் சொற்போரும்

இதற்கு ஆறாண்டுகளுக்குப் பின், 1916இல், இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சேலத்தில் தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தைத் தொடங்கி, அறிவியல் கலைச்சொற்களுக்கெனத் தனி இதழொன்றையும் வெளியிட்டனர். கலைச்சொல்லாக்கத்தை ஓர் இதழின் வழியே பொதுவிவாதத்துக்குக் கொண்டுவந்த முன்னோடி முயற்சிகளுள் இது ஒன்று. கல்லூரி ஒன்றின் துணையோ பாடநூல் தேவையோ பின்னிற்காத நிலையில் இவ்விதழ் நெடுங்காலம் நிலைக்கவில்லை. இராஜாஜி பின்னர் 'திண்ணை ரசாயனம்' என்னும் நூலின் வழியே வேதியியலைப் பொதுமக்களுக்கு எளிய தமிழில் விளக்க முற்பட்டார். சொற்பட்டியலிலிருந்து உரைநடைக்கு அவர் நகர்ந்தது தற்செயலானதாகத் தோன்றவில்லை.

அடுத்த கால்நூற்றாண்டில் கலைச்சொல்லாக்கம் மொழிக்கொள்கைப் போராட்டமாக மாறிற்று. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் 'கலைச்சொற்கள்' தொகுப்பை வெளியிட்டது. 1940இல் அரசு அமைத்த சீனிவாச சாஸ்திரி குழு வடமொழிச் சார்பான பொதுச்சொற்களை நோக்கிச் சென்றபோது தமிழறிஞரிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. தூமகேது, வால்மீன் என்னும் இரட்டை வழக்கு இப்பெரும் விவாதத்தின் ஒரு சிறு வடிவமே. எனினும், எச்சொல் சிறந்தது என்னும் வினாவிலேயே இவ்விவாதம் தங்கிவிட்டது. தேர்ந்தெடுத்த சொல் எந்த ஏட்டில், எந்த வாசகருக்காக, எத்தனை முறை அச்சேறும் என்னும் வினா அக்காலத்தில் பெரிதாக எழவில்லை. அவ்வினாவுக்கான விடையின் ஒரு பகுதி, சொல்லாய்வோடு தொடர்பற்றதாகத் தோன்றும் ஈரோட்டு அச்சுக்கூடத்தில் கிடைக்கிறது.

ஈரோட்டு அச்சுப்பெட்டி

1925ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் ஈரோட்டிலிருந்து 'குடிஅரசு' வார இதழ் வெளிவரத் தொடங்கிற்று. 1935 சனவரியில் இவ்விதழில் பெரியார் தமிழ் எழுத்துச் சீர்திருத்தத்தை முன்வைத்து, அதைத் தம் ஏட்டிலேயே நடைமுறைப்படுத்தவும் தொடங்கினார். கற்பதற்கு எளிமை, அச்சுக்கோப்பதற்கும் தட்டெழுதுவதற்கும் எளிமை என்பன அவர் முன்வைத்த காரணங்களுள் முதன்மையானவை.

இச்சீர்திருத்தத்தின் தொழில்நுட்பத் தன்மையை நுணுகிக் காண வேண்டும். ஈய அச்சில் ஒவ்வோர் எழுத்து வடிவத்துக்கும் தனி அச்சு வார்க்கப்பட்டு, அச்சுப்பெட்டியில் தனி அறை ஒதுக்கப்படும். தமிழில் எழுத்துகள் 247 என்றாலும் அத்தனை அச்சுகள் தேவைப்படுவதில்லை. கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி ஆகியவை தனி அச்சுகளாக இருந்து பல மெய்களோடும் சேர்கின்றன. இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகள் மட்டும் எழுத்தோடு இணைந்த வடிவங்களாதலின் தனித்தனி அச்சுகளை வேண்டுவன. இவற்றுக்கு மேலாக, ணா, றா, னா ஆகிய மூன்றும், இவற்றை ஒட்டிய ஒகர, ஓகார வரிசையின் ஆறும், ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் பொதுமுறையிலிருந்து விலகிச் சிறப்பு வடிவம் கொண்டிருந்தன. ஐகார வரிசையின் நான்கும் துதிக்கை போன்ற சுழியோடு எழுதப்பட்டன. ஆக விதிவிலக்குகள் 13.

பெரியார் இவ்விதிவிலக்குகளை நீக்கிப் பொதுமுறைக்குள் கொண்டுவந்தார். இதற்குப் புதிய அச்சு எதையும் வார்க்க வேண்டியதில்லை. 'ண' என்னும் அச்சும் கால் என்னும் அச்சும் ஏற்கெனவே பெட்டியில் இருந்தன. அவற்றை அடுத்தடுத்து வைத்தால் 'ணா' கிடைத்துவிடும். இருப்பதைக் கொண்டே இயன்ற மாற்றம் என்பதால்தான் வார்ப்பகத்தின் துணையும் அரசின் ஆணையும் இன்றி ஒரே ஓர் ஏடு இதைத் தொடங்க முடிந்தது. சீர்திருத்தத்தின் கருத்தியல் வலிமையோடு இத்தொழில்நுட்ப எளிமையையும் சேர்த்தே அதன் வெற்றியை விளக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

பெரியாரின் நூற்றாண்டையொட்டி 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு வெளியிட்ட ஆணை இந்த 13 வடிவங்களையும் ஏற்றது. ஐகார, ஔகாரங்களை 'அய்', 'அவ்' என எழுதும் பரிந்துரை அவ்வாறு நிலைபெறவில்லை. 1935க்கும் 1978க்கும் இடைப்பட்ட 43 ஆண்டுகளில் இரு எழுத்து வழக்குகளும் அருகருகே இயங்கின. இக்காலத்து அறிவியல் ஏடுகளையும் நூல்களையும் இன்று எண்முறைப்படுத்துவோர்க்கு இவ்விரட்டை வழக்கு நடைமுறைச் சிக்கலாக எழுகிறது. இது பின்னர் விளக்கப்படும்.

இதே அளவுகோலைப் பிற்காலச் சீர்திருத்த முன்மொழிவு ஒன்றுக்கும் பொருத்திப் பார்க்கலாம். கரூர்ப் பகுதியில் பிறந்த நீரியல் அறிஞரும் அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தருமான வா.செ. குழந்தைசாமி, உகர, ஊகார வரிசை முதலியவற்றையும் தனிக் குறிகளால் எழுத வேண்டும் எனப் பல ஆண்டுகள் வலியுறுத்தினார். உகர, ஊகார வரிசைகள் மட்டுமே 36 வடிவங்களைக் கொண்டவை. கற்றலில் அதனால் விளையும் எளிமை தருக்க முறைப்படி வலுவானது. ஆயின், வாசகர் கண் முன்பே பழகியிருந்த குறிகளை இடம் மாற்றிய 1935ஆம் ஆண்டு மாற்றத்தைப் போலன்றி, இது கண்ணுக்குப் பழகாத வடிவங்களைப் புகுத்த வேண்டியிருந்தது. மேலும், கணினி எழுத்துருக்கள் பரவிய காலத்தில் அச்சுப்பெட்டியின் சுமை என்னும் வாதமும் வலுவிழந்துவிட்டது. எதிர்ப்பு மிகுந்து அம்முன்மொழிவு நடைமுறைக்கு வரவில்லை.

கோவை: இதழும் களஞ்சியமும் வகுப்பறையும்

ஈரோடு எழுத்தின் வடிவை மாற்றியது எனில், கோவை அறிவியல் உரைநடைக்குக் களம் அமைத்தது. பைக்காரா நீர்மின் திட்டம் 1932இல் இயங்கத் தொடங்கியபின் கோவையின் ஆலைத்தொழில் விரைந்து பெருகிற்று. எந்திரங்களை இயக்குவோரும் பழுதுபார்ப்போரும் வடிவமைப்போரும் ஒருசேர வாழும் நகரமாக அது மாறியது. பி.எஸ்.ஜி. அறநிலையம் 1926இல் தோன்றியது. அதன் தொழில்நுட்பக் கல்லூரி 1951இல் தொடங்கப்பட்டது. அக்கல்லூரியின் முதல் முதல்வராகப் பொறுப்பேற்ற ஜி.ஆர். தாமோதரன், நாடு விடுதலை பெற்றதை அடுத்த ஆண்டுகளில் 'கலைக்கதிர்' என்னும் அறிவியல் மாத இதழைக் கோவையிலிருந்து வெளிக்கொணர்ந்தார். 1952இல் பொள்ளாச்சித் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும், பிற்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் விளங்கியவர் அவர்.

கலைக்கதிரின் சிறப்பை அதன் நிலையிடத்திலிருந்தே உணரலாம். பொறியியல் கல்லூரியை நடத்திய ஒருவரே இதழையும் நடத்தினார். அச்சகமும் அவ்வூரிலேயே இயங்கிற்று. எழுதுவோராக ஆசிரியரும் படிப்போராக மாணவரும் தொழிலறிஞரும் அருகிலேயே கிடைத்தனர். சேலத்து இதழுக்கு வாய்க்காத வாய்ப்பு இது. மாத இதழ் என்னும் வடிவம் ஒவ்வொரு மாதமும் ஒரு குறிப்பிட்ட நாளில் எழுத்தை முடிக்குமாறு வற்புறுத்துவது. சொல்லுக்காகக் குழுவின் முடிவை எதிர்நோக்கி நிற்க அங்கே இடமில்லை. எழுதுபவர் ஒரு சொல்லைத் தேர்ந்தாக வேண்டும். பதிப்பாசிரியர் அதை ஏற்கவோ மாற்றவோ வேண்டும். அடுத்த இதழில் அதே சொல் மீண்டும் வரும்போது அது வழக்காகிவிடும். இதழின் காலவரையறையே சொல்லை நிலைநிறுத்தும் கருவியாயிற்று.

இதே காலத்தில் கொங்குநாட்டார் இருவர் மற்றொரு பெரும்பணியில் இறங்கினர். திருப்பூரைச் சேர்ந்த தி.சு. அவினாசிலிங்கம் 1930இல் கோவையில் இராமகிருஷ்ண வித்யாலயத்தை நிறுவியவர். 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தவர். 1946இல் அவர் தோற்றுவித்த தமிழ் வளர்ச்சிக் கழகம் கலைக்களஞ்சியப் பணியை மேற்கொண்டது. அதன் தலைமைப் பதிப்பாசிரியராக அமர்ந்த பெ. தூரன் ஈரோட்டுப் பகுதியில் பிறந்தவர். அவ்வித்யாலயத்தில் ஆசிரியராகப் பணியாற்றியவர். 'பாரம்பரியம்', 'அடிமனம்' முதலிய நூல்களால் உயிரியலையும் உளவியலையும் தமிழில் எழுதிப் பழகியவர். முதல் தொகுதி 1954இலும் பத்தாம் தொகுதி 1968இலும் வெளிவந்தன. அதைத் தொடர்ந்து குழந்தைகள் கலைக்களஞ்சியமும் 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக அமைந்தது.

பணியிடம் சென்னையாயினும், இதன் ஆசிரியப் பயிற்சி கொங்குநாட்டுப் பள்ளியொன்றில் பெறப்பட்டது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. களஞ்சியம் என்னும் நூல்வகை சொல்மீது செலுத்தும் கட்டுப்பாடு மாத இதழினும் கடுமையானது. அகரவரிசையில் ஒரு பொருளுக்கு ஒரு தலைச்சொல்தான் இருக்க முடியும். பிற பெயர்கள் 'காண்க' என்னும் குறிப்போடு நின்றுவிடும். வால்மீனையும் தூமகேதுவையும் வால்நட்சத்திரத்தையும் ஒரே பக்கத்தில் சம உரிமையோடு வைக்க அச்சிட்ட களஞ்சியத்தில் வழியில்லை. அச்சின் வரம்பு மொழித்திட்டமாகச் செயற்பட்ட இடம் இதுவாகும்.

மூன்றாவது உறுப்பு வகுப்பறை. பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்தைச் சேர்ந்த சி. சுப்பிரமணியம் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், 1960களின் தொடக்கத்தில், கல்லூரி நிலையில் தமிழ்வழிக் கல்வி கோவை அரசு கலைக்கல்லூரியில் முன்னோட்டமாகத் தொடங்கப்பட்டது. இதன் பொருட்டுத் தமிழில் கல்லூரிப் பாடநூல்களை ஆக்கும் அரசுத் திட்டமும் விரிவடைந்தது. முதலில் கலைப்பாடங்களில் தொடங்கிய இம்முயற்சி பின்னர் அறிவியல் பாடங்களுக்கும் பரவியது. இதழ், களஞ்சியம், பாடநூல் ஆகிய மூன்றும் ஒரே தலைமுறையில் இயங்கிய இக்காலமே அறிவியல் தமிழ் உரைநடையின் உறுதிப்பாட்டுக் காலம் எனலாம்.

வால்மீன் தூசு எழுப்பும் வினாக்கள்

இவ்வாறு அச்சில் உறுதிபெற்ற சொற்கள், பின்வந்த அறிவியலை எவ்வளவு தாங்கின என்பதை வால்மீனைக் கொண்டு காணலாம். 1950இல் பிரெட் விப்பிள், வால்மீனின் உட்கரு பனிக்கட்டியும் தூசும் கலந்த திண்மம் என விளக்கினார். ஹாலி வால்மீன் மீண்டும் வந்த 1986இல், மார்ச் 14ஆம் நாள் ஐரோப்பிய விண்கலமான கியோட்டோ, அதன் உட்கருவிலிருந்து ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவில் கடந்து சென்றது. வெளியேறிய தூசில் கரிமம், ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன் ஆகியவை செறிந்த துகள்கள் கண்டறியப்பட்டன.

அடுத்த நிலை, தூசையே புவிக்குக் கொண்டுவருவது. அமெரிக்காவின் ஸ்டார்டஸ்ட் விண்கலம் 1999 பிப்ரவரி 7ஆம் நாள் ஏவப்பட்டு, 2004 சனவரி 2ஆம் நாள் வைல்டு 2 என்னும் வால்மீனை அணுகியது. நொடிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் வேகத்தில் மோதிய துகள்களைச் சிதையாமற் பிடிக்க ஏரோஜெல் என்னும் பொருள் பயன்பட்டது. சிலிக்காவால் ஆன, 99 விழுக்காட்டுக்கும் மேல் வெற்றிடமாக உள்ள, மிக இலேசான திண்மம் அது. அதனுள் புகுந்த ஒவ்வொரு துகளும் கூம்பு வடிவத் தடமொன்றைப் பதித்துவிட்டு அதன் முனையில் தங்கிற்று. தடத்தின் நீளத்தையும் அகலத்தையும் கொண்டு துகள் கெட்டியானதா, உதிரியானதா என்று கணிக்கப்பட்டது. 2006 சனவரி 15ஆம் நாள் மாதிரிப்பேழை யூட்டா பாலைநிலத்தில் இறங்கியது.

ஆய்வு முடிவுகள் எதிர்பாராதவை. கதிரவனுக்கு வெகுதொலைவில், கடுங்குளிரில் உருவான பனிப்பொருளுக்குள் மிக உயர்ந்த வெப்பத்தில் மட்டுமே உருவாகக்கூடிய கனிமங்கள் காணப்பட்டன. கதிரவனுக்கு அருகே தோன்றிய பொருள்கள் கதிரவக் குடும்பத்தின் தொடக்கத்திலேயே வெளிப்புறம் வரை கடத்தப்பட்டன என்பதற்கு இது சான்றாயிற்று. கிளைசின் என்னும் அமினோ அமிலமும் அம்மாதிரிகளில் உண்டு என்பது 2009இல் அறிவிக்கப்பட்டது. பின்னர் ரொசெட்டா விண்கலம் 2014 முதல் 2016 வரை 67பி வால்மீனுடன் உடன்பயணித்து, கிளைசினையும் பாஸ்பரசையும் அதன் வாயுச்சூழலில் கண்டறிந்தது.

இவற்றைத் தமிழில் எழுத முனைவோர் இரு இடர்களைச் சந்திக்கின்றனர். முதலாவது, பெயரில் உள்ள 'வால்'. கதிரவனை நெருங்கும்போது மட்டுமே வால் தோன்றும். வாழ்நாளின் பெரும்பகுதியில் அப்பொருளுக்கு வாலில்லை. வாலில்லாத வால்மீன் என எழுத நேர்வது முரணாகத் தோன்றலாம். எனினும், புகை இல்லாத தூமகேதுவும், உண்மையில் விண்மீன் அல்லாத வால்மீனும் வழக்கில் நிலைத்ததைப் போலவே, உரைநடையின் பயிற்சி இம்முரணையும் செரித்துக்கொள்ளும். சொற்பிறப்பு தரும் பொருளைக் காட்டிலும், பயன்பாடு தரும் பொருளே கலைச்சொல்லுக்கு இறுதியானது.

இரண்டாவது இடர் கடுமையானது. 'தூசு', 'தூசி', 'துகள்' ஆகிய சொற்கள் இன்று ஒன்றுக்கொன்று மாற்றாக வழங்குகின்றன. 'துகள்' என்பது அணுவின் உள்ளுறுப்புகளையும், வளிமண்டல மாசையும், வால்மீன் தூசையும் ஒருங்கே குறிக்கிறது. தூசு ஆய்விலோ, தொகுதியாகிய பொருளும் தனித்த ஒரு மணியும் மணிகள் ஒட்டித் திரண்ட உதிரித்திரளும் வேறுபடுத்தப்பட வேண்டும். ரொசெட்டாவின் கருவிகள் கண்ட முதன்மை முடிவுகளுள் ஒன்று, வால்மீன் தூசின் பெரும்பகுதி இத்தகைய திரள்களே என்பது. தொகுதியைத் 'தூசு' எனவும், தனித்ததைத் 'துகள்' எனவும், திரண்டதைத் 'துகள்திரள்' எனவும் வரையறுத்து வழங்குவது இயலக்கூடியதே. ஆனால், இவ்வரையறையை எங்கே நிலைநாட்டுவது? ஒரு தலைமுறைக்கு முன் ஒரு மாத இதழின் பதிப்பாசிரியரோ ஒரு களஞ்சியத்தின் தலைச்சொல்லோ செய்திருக்கும் பணியைச் செய்ய இன்று நிலையான அமைப்பு எது என்பதே உண்மையான வினா.

எண்முறை அச்சும் இழந்த வரம்புகளும்

ஸ்டார்டஸ்ட் ஏவப்பட்ட அதே 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாடு தமிழ் விசைப்பலகைக்கும் எழுத்துக்குறியீட்டுக்கும் தரப்பாட்டை நாடிற்று. 2010 ஜூன் மாதம் கோவையில் நிகழ்ந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டோடு தமிழ் இணைய மாநாடும் நடைபெற்றது. தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்ற ஆணையும் அதே மாதத்தில் வெளிவந்தது. ஈரோட்டு அச்சுப்பெட்டியில் தொடங்கிய தரப்பாட்டின் வரலாறு கோவையில் ஒரு சுற்றை நிறைவு செய்தது எனக் கொள்ளலாம்.

ஒருங்குறியில் மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனியே பதிவாகின்றன. 'லை' என்பதைப் பழைய துதிக்கை வடிவில் காட்டுவதா, சீர்திருந்திய வடிவில் காட்டுவதா என்பது எழுத்துருவின் பொறுப்பு. பதிவான தரவு ஒன்றே. எனவே 1935இல் அச்சுக்கோப்பாளரின் சுமையாக இருந்த சிக்கல் இன்று தோற்றத்தைப் பற்றிய தேர்வாகச் சுருங்கிவிட்டது. ஆனால், பழைய அச்சுநூல்களின் படிமங்களிலிருந்து எழுத்தை உணரும் மென்பொருளுக்கு அந்த 13 வடிவங்களும் மீண்டும் சிக்கலாகின்றன. அவற்றைப் பிழையாக உணரும் மென்பொருள், 1978க்கு முற்பட்ட அறிவியல் நூல்களிலுள்ள சொற்களைத் தேடலில் மறைத்துவிடும்.

அச்சுமுறையும் மாறியுள்ளது. மறுதோன்றி அச்சில் தகடு ஆக்கும் செலவு எத்தனை படிகள் அச்சிட்டாலும் ஒன்றே. ஆதலின் சில நூறு படிகளாவது அச்சிட வேண்டியிருந்தது. மைத்தெளிப்பு முறையில் தகடில்லை. பைக்கோலிட்டர் அளவிலான துளிகள் கணினியின் கட்டளைப்படி நேரே தாளில் படிகின்றன. பத்துப் படிகள் தேவையெனில் பத்து மட்டும் அச்சிடலாம். குறைந்த வாசகரைக் கொண்ட தமிழ் அறிவியல் நூல்களுக்கு இது பெருவாய்ப்பு. ஆயினும், அச்சுச் செலவு மிகுந்திருந்த காலத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் ஒருவர் படித்துத் திருத்தி ஒப்புதல் அளித்த பின்னரே அச்சேற்ற வேண்டியிருந்தது. செலவு குறைந்ததும் அந்தக் கட்டாயம் நீங்கிற்று. இணையத்தில் எழுதுவோர்க்கு வால்மீன், வால்வெள்ளி, வால்நட்சத்திரம் என எதையும் ஆளலாம். தலைச்சொல்லைத் தேரும் நெருக்கடி இல்லை. வரம்பு அகன்றபோது பதிப்பாசிரியப் பணியும் உடன் அகன்றதை ஆதாயமாக மட்டும் கருதுவதற்கில்லை.

முடிவுரை

கொங்குநாட்டு முயற்சிகள் காட்டும் வரலாற்றுப் பாடம் ஒன்றே. சொல் மட்டும் ஆக்கப்பட்ட இடத்தில் அறிவியல் தமிழ் பட்டியலாக நின்றது. சேலத்து இதழ் அதற்குச் சான்று. அச்சும் பதிப்பாசிரியரும் வகுப்பறையும் அருகருகே அமைந்த இடத்தில் அது உரைநடையாக வளர்ந்தது. கலைக்கதிரும் கலைக்களஞ்சியமும் அதற்குச் சான்றுகள். எழுத்துச் சீர்திருத்தத்தின் வெற்றியும் அச்சுப்பெட்டியின் நடைமுறையை அறிந்து அமைந்ததன் பயனே.

இதிலிருந்து இரு பணிகள் உடனடியாக எழுகின்றன. முதலாவது, இக்காலத்து அறிவியல் ஏடுகளைக் காப்பது. அவை பெரும்பாலும் மரக்கூழ்த் தாளில் அச்சிடப்பட்டவை. அமிலத்தன்மையால் அவை பழுத்து முறியத் தொடங்கிவிட்டன. படிமங்களாக மட்டுமன்றி, பழைய எழுத்து வடிவங்களைச் சரியாக உணர்ந்த தேடத்தக்க உரையாகவும், கட்டுரைத் தலைப்பும் கலைச்சொல்லும் அடங்கிய அடைவோடும் அவை எண்முறைப்படுத்தப்பட வேண்டும். அவ்வடைவு இருந்தால்தான் ஒரு சொல் எப்போது அச்சில் தோன்றியது, எப்போது வழக்கிழந்தது என்பதை ஊகமின்றிக் கூற முடியும்.

இரண்டாவது, பதிப்பாசிரியப் பணியைப் பல்கலைக்கழகம் தன் கடமையாக ஏற்பது. தமிழ்த்துறையும் இயற்பியல் துறையும் இணைந்து, அறிவியல் கட்டுரைகளைத் தமிழில் மதிப்பிட்டுத் தொடர்ந்து வெளியிடும் களம் ஒன்று அமைந்தால், தூசுக்கும் துகளுக்கும் உள்ள வேறுபாடு குழுவின் தீர்மானத்தால் அன்றி எழுத்தின் பயிற்சியால் நிலைபெறும். கோவையில் முக்கால் நூற்றாண்டுக்கு முன் ஒரு பொறியியல் கல்லூரியும் ஓர் அச்சகமும் அருகருகே இருந்து செய்து காட்டிய பணி அது. ஹாலி வால்மீன் 2061இல் மீண்டும் வரும்போது அதைத் தமிழில் விளக்கப்போகும் தலைமுறைக்கு நாம் விட்டுச்செல்வது வெறும் சொற்பட்டியலா, படித்துப் பயிலத்தக்க உரைநடையா என்பதை இவ்விரு பணிகளே முடிவு செய்யும்.